மாணவர் விலையில் ஒரு ஜன்னல்

மகனே,

நாளை விடியற்காலை வாகனம் வந்து நிற்கும்போது நாம் இருவரும் என்ன பேசிக்கொள்வோம் என்பது எனக்கு இப்போதே தெரியும். "பிரஷர் மாத்திரைய மறந்துறாதீங்கப்பா" என்பாய். "பாஸ்போட்ட உள்பையில வையிடா" என்பேன். அதற்கு மேல் ஒரு சொல் பேசினால் மகாவலி ஆறு மேல்நோக்கி ஓடத் தொடங்கிவிடும் என்ற பயத்தில் இரண்டு பேரும் வாயை மூடிக்கொள்வோம். ஆகவே, அம்பிட்டிய வாடகை அறையின் ஏகச் சக்கரவர்த்தியும், இரும்புக் கடை ஆணிப் பெட்டிகளின் அதிபதியும், தலை நரைத்த பிறகு மாணவன் என்று உலகத்தால் ஒப்புக்கொள்ளப்பட்டு, போன கிழமை அதே உலகத்தால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளப்பட்டவனுமாகிய உன் தகப்பன் இதை எழுதுகிறேன். ஒரு பிரதி உன் பையில் இருக்கும். இன்னொன்றை மாலை வகுப்பின் அறிவித்தல் பலகையில் ஒட்டப் போகிறேன். "ஊரறிய எழுதணுமாப்பா?" என்று முகம் சுளிப்பாய். எழுதத்தான் வேண்டும். அந்த வகுப்பில் என்னைப் போல வேலை முடிந்து, சட்டை காயாமல் வந்து உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டுப் படம் கீறுகிற, அவ்வளவு விலையான மென்பொருளை மாணவர் விலையில் வாங்கலாம் என்று கேள்விப்பட்டதும் அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்கிறேன். எனக்கும் அப்படித்தான் மலர்ந்தது.

எல்லாம் உன் அம்மா கேட்ட ஒரு ஜன்னலில் தொடங்கியது. தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான நம் லயத்து அடுப்படியை நீ மறந்திருக்க மாட்டாய். அது சமையலறை அல்ல, புகையைப் பூட்டி வைக்கிற பெட்டகம். அங்கே கருவாடு வாட்டினால் கருவாட்டுக்கு முன் உன் அம்மா வாடிவிடுவாள். வீடு கட்டத் தோட்டத்தில் காணித்துண்டு கிடைக்கும் என்று பேச்சு வந்த நாளில், நான் வழக்கம்போல வாயாலேயே அரண்மனை எழுப்பினேன். மாடி, மாடிக்கு மேல் மாடி, அதற்கு மேல் யானை கட்ட ஓர் இடம். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "யானைய நீங்களே வச்சுக்கங்க. எனக்கு அடுப்படியில ஒரு ஜன்னல் வைங்க. முழங்கைய ஊண்டிக்கிட்டு ரோட்டுல போற நாலு பேரப் பாக்கணும். மேல பொகை போக ஒரு சந்து விடுங்க. போதும்." காணி கிடைத்தது. அதற்கு அடுத்த மழைக்காலத்தில் மலை சரிந்து இறங்கியது. லயத்தின் நம் பக்கத்துக் காம்பிரா அறைகள் மட்டும் போயின, உள்ளே அம்மா இருந்தாள். அந்த நேரத்தில் நீ டவுனில் உன் போர்டிங் அறையில் இருந்தாய். நான் கடையில், சீமெந்து மூட்டைகள் நனையாமல் இருக்கத் தார்ப்பாய் இழுத்து மூடிக்கொண்டிருந்தேன். சீமெந்து நனையவில்லை.

அதன் பிறகு நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். நான் பேசாமல் இருப்பது என்றால் என்ன என்று ஊருக்குத் தெரியும். கண்டிக் குளத்தில் தண்ணீர் இல்லாமல் போவது மாதிரி. கடை முதலாளி என் வாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்காத குறை. நீ என்னை உன் அறைக்கு அழைத்து வந்தாய், சோறு போட்டாய், ஒன்றும் பலிக்கவில்லை. ஒருநாள் வேலை விட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாய்: "அப்பா, உங்கள ஒரு வகுப்புல சேத்துட்டேன். வீட்டுப் படம் கீறுற வகுப்பு. நம்ம வீட்ட நீங்களே கீறுங்க." உன் தொழிலை எனக்குக் கற்றுத்தர நினைத்தாய். எட்டு வருடமாக ஒரு எஞ்சினியரின் கந்தோரில் வீட்டுப் படம் கீறுகிற நீ, அந்தப் படத்தை ஒரு சாயங்காலத்தில் முடித்திருப்பாய். முடிக்காமல் எனக்கு விட்டுக் கொடுத்தாய். அதை நான் அப்போது யோசிக்கவில்லை.

பலகாரக் கடைக்கு மேலே இருக்கும் அந்த வகுப்புக்கு ஏறும் படிகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். சிவனொளிபாத மலைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். உள்ளே எல்லாரும் உன் வயதுக்குக் கீழே. முதல் நாள் நான் நுழைந்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள், ஆசிரியர் வந்துவிட்டார் என்று. நான் கடைசிக் கதிரையில் போய் உட்கார்ந்ததும் ஒரே சிரிப்பு. அன்றிலிருந்து வகுப்புக்கே நான் மாமா. "மாமா, சுட்டிய இவ்வளவு அமத்தாதீங்க, அது எலி இல்ல." "மாமா, உங்க சுவர் பக்கத்து வீட்டுக்குள்ள போகுது." மூன்றாவது கிழமை நான் திருப்பிப் பதில் சொன்னேனாம். வகுப்பு அலுவலகத்தில் இருக்கும் அலவத்துகொட ஊர்ப் பிள்ளை பஸ்னாதான் பிறகு சொன்னாள்: "மாமா, உங்கட மகன் ஒவ்வொரு நாளும் டெலிபோன் கோல் எடுத்துக் கேப்பார், வாப்பா பேசினாரா எண்டு. அண்டைக்கி நான் சொன்னேன், பேசினார், இனி நிப்பாட்டுறதுதான் கஷ்டம் எண்டு."

வகுப்பில் கீறுவது போதாமல் வீட்டிலும் கீற ஆசை வந்தது. அந்த மென்பொருளின் முழு விலையைச் சொன்னால், தலதா வீதியை வாங்கி மிச்சத்துக்கு ஒரு பெரஹெரா ஊர்வலமும் நடத்தலாம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒருவன் களவுப் பிரதியைப் பிளேன்டீ விலைக்குத் தருவதாகச் சொன்னான். நான் தோளை நிமிர்த்தி, "நான் படிக்கிற பிள்ளை, தம்பி. களவு பழக மாட்டேன்" என்றேன். அவன் என் தலைமுடியைப் பார்த்துவிட்டு அடுத்த ஆளைத் தேடிப் போனான். பஸ்னாதான் மாணவர் சலுகையைச் சொன்னாள். மாலை வகுப்புக்காரருக்கும் அது உண்டு. வயசுக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் நான் மாணவன் என்பதை நானே நிரூபிக்க வேண்டும். நிரூபித்தேன், மகனே. கண்டி ராஜா தன் முடியை நிரூபிக்கக்கூட அத்தனை பாடுபட்டிருக்க மாட்டார். முதலில் கட்டணப் பற்றுச்சீட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். அதில் கல்வி நிலையத்தின் பெயர் இல்லை என்று திருப்பினார்கள். பெயர்ப் பலகைக்குக் கீழே நின்று, பற்றுச்சீட்டை நெஞ்சில் பிடித்தபடி ஒரு படம் அனுப்பினேன். பிடிபட்ட கள்ளனைப்போல இருந்திருக்க வேண்டும், அதையும் திருப்பினார்கள். கடைசியில் பஸ்னா கல்வி நிலையத்தின் கடிதத்தாளில் என் பெயர், பாடநெறி, தொடங்கும் திகதி, முடியும் திகதி எல்லாம் போட்டு ஒரு கடிதம் அடித்து, முத்திரை குத்தித் தந்தாள். அதுதான் செல்லும். பலகையில் இதைப் படிக்கிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: பற்றுச்சீட்டு செல்லாது, மீசை செல்லாது, திகதி போட்ட கடிதம்தான் செல்லும். பிறந்த ஆண்டைத் தெரிவு செய்யக் கீழே கீழே இழுத்துக்கொண்டு போனதில் என் விரல் ரேகை தேய்ந்தது. இரண்டு நாள் கழித்து, 'வாழ்த்துகள், மாணவரே' என்று பதில் வந்தது. அதை நீ எனக்கு வாசித்துக் காட்டினாய். "அப்பா, ஒண்ணு மட்டும். இத வச்சு காசுக்கு யாருக்கும் கீறிக் குடுத்துறாதீங்க. படிக்க மட்டுந்தான்" என்றாய். "எனக்கு யாருடா காசு குடுக்கப் போறான்?" என்றேன். நிபந்தனைகள் நீளமாக இருந்தன. 'சம்மதம்' என்ற கட்டத்தில், கோயில் கணக்குக் கூட்டத்தில் கை தூக்குவதுபோல, வாசிக்காமல் அமத்திவிட்டேன்.

அந்த ஜன்னலைக் கீற எனக்கு ஒரு மாதம் பிடித்தது. எவ்வளவு உயரத்தில் வைப்பது என்பதில்தான் சிக்கல். அம்மாவின் முழங்கை எவ்வளவு உயரம் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவள் என் பக்கத்தில் நின்றால் உச்சந்தலை என் தோளுக்கு வரும். முழங்கை என் இடுப்புப் பட்டிக்கு. உன்னை டேப் பிடிக்கச் சொல்லி தரையிலிருந்து என் இடுப்பின் உயரத்தை அளந்தது நினைவிருக்கிறதா? நீ குனிந்து அளந்தாய், எழுந்திருக்க நேரம் எடுத்தாய். ஆசிரியர், "மாமா, அடுப்படி ஜன்னல் இவ்வளவு கீழ, பதிய வரக்கூடாது, மேடை வைக்க இடம் வேணும்" என்றார். மேடையை மற்றச் சுவருக்கு மாற்றினேன், ஜன்னலை மாற்றவில்லை. இரண்டு கதவு, அதற்கு மேலே, சாய்ந்த பலகைகள் வைத்துப் புகை போக ஒரு சாண் சந்து. முடித்த அன்று எனக்கு வந்த கர்வத்தை அந்த அறையின் கூரை தாங்கியதே பெரிது.

இனி வருவதைப் பெருக்கிச் சொல்ல எனக்கும் முடியவில்லை. பெரிய தாளில் அச்செடுக்கக் கடையில் கேட்ட விலைக்கு நான் சண்டை போட்டேன். "நம்ம கந்தோர்ல பெரிய மெஷின் இருக்குதுப்பா, சனிக்கிழமை வாங்க, எடுத்துத் தாறேன்" என்றாய். நம் ஆட்களின் பழக்கம்தானே. பேக்கரியில் மகன் வேலை செய்தால் தகப்பன் பாண் வாங்குவானா? பென் டிரைவை மடியில் கட்டிக்கொண்டு வந்தேன். உன் கணினியில் என் படத்தைத் திறந்தாய். பக்கத்தில் உங்கள் கந்தோர் ஜன்னல்கள் வரிசையாக இருந்தன, எல்லாப் படத்துக்கும் எடுத்து எடுத்து ஒட்டுவதற்காக ஓரிடத்தில் சேர்த்து வைத்தவை. நான் சொன்னேன்: "இதெல்லாம் ஜன்னலாடா? ஜெயில்ல கூட இதவிட நல்லா வைப்பான். என்னோடத அங்க வையி, உங்க எஞ்சினியர் சேரும் பாத்துப் படிக்கட்டும்." பகிடிதான், விளையாட்டுக்குச் சொன்னது. நீ சிரித்துக்கொண்டே அதை எடுத்து அந்த வரிசையில் வைத்தாய். "வச்சாச்சு. இனிமே கண்டி முழுக்க உங்க ஜன்னல்தான்" என்றாய். உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மாணவர் பிரதியில் கீறிய ஒரு துண்டை எந்தப் படத்துக்குள் ஒட்டினாலும் அந்தப் படமும் மாணவப் படமாகிவிடும். அச்சடித்தால் நாலு ஓரத்திலும் பொடி எழுத்தில் விழும்: கற்பதற்கு மட்டும், தொழிலுக்கு அல்ல. அந்தப் படத்திலிருந்து ஒரு கதவை இன்னொன்றுக்குக் கொண்டுபோனால் அதற்கும் தொற்றும். வாந்திபேதிகூட லயத்துக்கு லயம் அவ்வளவு வேகமாகப் பரவியதில்லை. களவுப் பிரதிக்கு இந்தத் தொற்று இல்லையாம். முறைப்படி கடிதம் கொடுத்து வாங்கியவனுக்குத்தான் முத்திரை.

மாதக்கணக்கில் யாரும் அந்த ஓரத்தைப் பார்க்கவில்லை. வேலைத்தளத்தில் சுவர் கட்டுகிற மேசன் பாஸ் சுவரைப் பார்ப்பார், ஓரத்தைப் பார்ப்பாரா? ஒரு ஹோட்டல் வேலைக்குக் கொடுத்த படங்களைக் கொழும்பில் ஒருவர் பூதக்கண்ணாடி போட்டுப் பார்த்தார். ஹோட்டல் வேலை கந்தோரின் கையைவிட்டுப் போனது. மென்பொருள் கம்பெனியிடமிருந்து கேள்வி வந்தது. நீ வீட்டுக்கு வந்து, "ஆள் கொறச்சுட்டாங்கப்பா" என்று மட்டும் சொன்னாய். நான் எஞ்சினியரின் ஏழு தலைமுறையையும் திட்டினேன். நீ தடுக்கவில்லை, சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். பிறகு கண்டியில் ஏறாத கந்தோர் இல்லை. எங்கேயும் "பிறகு சொல்றோம்" என்றார்கள், பிறகு சொல்லவில்லை. நீ வெளிநாட்டுக்குப் பெயர் கொடுத்தாய், களஞ்சியத்தில் பெட்டி தூக்கும் வேலைக்கு. பேனை பிடித்த கை பெட்டி தூக்கப் போகிறது என்று எனக்குப் பொறுக்கவில்லை. படம் கீறுகிற வேலைக்கே அனுப்பலாம், ஆனால் முன்பு வேலை செய்த இடத்திலிருந்து சேவைக் கடிதம் வேண்டும் என்று ஏஜென்சிக்காரர் சொன்னார். உன்னைக் கேட்கச் சொன்னேன். "வேணாம்பா" என்றாய். ஏன் என்று சொல்லவில்லை. அதனால்தான் போன மாதம், கடையில் அரைநாள் லீவு போட்டு, சலவைச் சட்டையோடு, உனக்குத் தெரியாமல் உன் எஞ்சினியரிடம் போனேன்.

மனிதர் மடவளைக்காரர், மரியாதை தெரிந்தவர். "இரிங்க பெரியவர்" என்று கதிரையை இழுத்துப் போட்டார். நான் கடிதத்தைக் கேட்டேன். "அவர் கேக்கல்லையே" என்றார்.

"அவன் கேக்க மாட்டான் சேர், ரோசக்காரன்."

"ரோசமா? பெரியவர், உங்கட மகன் கெட்டிக்காரன், நான் இல்லெண்டு சொல்லல்ல. ஆனா என்ட கம்பியூட்டர்ல மாணவர் பிரதிய வெச்சி களவா வெளி வேலை செஞ்சிரிக்கார். எங்கட படமெல்லாம் நாசம். யார்ட பைல் எண்டு கேட்டேன். 'என்னோடது' எண்டார். நல்லா யோசிச்சி சொல்லுங்க எண்டேன். 'என்னோடதுதான் சேர்' எண்டார். அதுக்குப் பொறகு நான் என்ன செய்ற?"

"எந்தத் துண்டுல இருந்து வந்துச்சு சேர்?"

"ஒரு ஜன்னல்."

"மேல ஒரு சாண் சந்து இருக்குமா? பலகைய சாய்ச்சு?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அது என்னத்துக்கெண்டு நாங்களும் யோசிச்சம்" என்றார்.

"பொகை போக, சேர். அது என்னோட ஜன்னல். நான் மாலை வகுப்புல கீறுனது. காசுக்கில்ல. என் சம்சாரத்துக்கு." உன் அம்மா போன விதத்தை அப்போதுதான் அவருக்குச் சொன்னேன். எட்டு வருடம் அவரிடம் வேலை செய்தும் நீ அதை அவரிடம் முழுதாகச் சொல்லவில்லையாம். மூன்று நாள் லீவு கேட்டாயாம்.

அவர் கண்ணாடியைத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "இத அவர் சொல்லிருந்தா நான் வேலைய விட்டு நிப்பாட்டிரிக்க மாட்டேனே" என்றார். "கம்பெனிக்காரன் பேர் கேட்டான். பேரக் குடுத்தா அந்தாள்ட கணக்க மூடுவான், சலுகை ஒண்டும் இனிக் கெடைக்காது. மகனுக்கு அது தெரியும்." எனக்கும் அப்போது தெரிந்தது. நான் வாய் திறந்தது அந்த வகுப்பால்தான் என்று நினைத்திருக்கிறாய். படம் மூடப்பட்டால் என் வாயும் மூடிவிடும் என்று பயந்திருக்கிறாய். எட்டு வருட வேலையைக் கொடுத்து என் பேச்சை வாங்கியிருக்கிறாய், மடையா. என் பேச்சுக்கு உலகத்தில் எவனும் அவ்வளவு விலை கொடுத்ததில்லை. பேசாமல் இருக்கத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

"எழுதுங்க சேர்" என்றேன். "கம்பெனிக்கு என் பேர எழுதுங்க. மகனுக்குக் குத்தம் அவனுது இல்லைன்னு எழுதுங்க."

"உங்கட படமெல்லாம் போயிருமே, பெரியவர்."

"படத்துல இருந்த ஆளே போயாச்சு, சேர்."

அவர் இரண்டையும் எழுதினார். வேலையைத் திருப்பிக் கேட்க வாய் வரவில்லை. உன் கதிரையில் ஒரு பிள்ளை உட்கார்ந்து, தலை நிமிராமல் படங்களைத் திரும்பக் கீறிக்கொண்டிருந்தாள். சேவைக் கடிதத்தை அன்றே ஏஜென்சிக்குக் கொண்டு ஓடினேன். விசா பெட்டி தூக்கும் வேலைக்கு அடித்தாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்றார்கள். பிந்திவிட்டேன், மகனே. அந்தக் கடிதம் உன் பையில், சட்டைகளுக்கு அடியில் இருக்கிறது. அங்கே என்றைக்காவது யாராவது "படம் கீறத் தெரியுமா?" என்று கேட்டால் அதை எடுத்து நீட்டு. யாரும் கேட்காமலும் போகலாம். போன கிழமை என் கணக்கை மூடினார்கள். 'உங்கள் மாணவர் தகுதி முடிவடைந்தது' என்று ஒரு வரி. வீட்டுப் படம் திறக்கவில்லை. இரண்டு தரம் தட்டிப் பார்த்தேன், மூன்றாம் தரம் கணினியைக் கும்பிட்டும் பார்த்தேன். அன்று நீ அச்செடுத்துத் தந்த பெரிய தாள் மட்டும் சுவரில் இருக்கிறது, நாலு ஓரத்திலும் முத்திரையோடு. வீடு கட்டும் அனுமதிக்கு அதைப் பிரதேச சபை எடுக்காது. அதைப் பார்த்து முறையாகக் கீறித் தர அனுமதி உள்ள ஒருவரைப் பிடிக்க வேண்டும். ஜன்னலை உயர்த்தச் சொல்லுவார். அந்தச் சண்டைக்கு நான் உடம்பைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன்.

பேச்சு நின்றுவிடவில்லை என்பதை இந்தக் கடிதத்தின் நீளமே சொல்லும். செவ்வாய்க்கிழமை வகுப்புக்குப் போவேன். அங்கே இருக்கிற கணினியில் கீறலாம் என்று பஸ்னா சொல்லிவிட்டாள். பலகையில் இதைப் படிக்கிற பிள்ளைகளே, மாணவர் விலையில் வாங்குங்கள், வெட்கப்படாதீர்கள், அது உங்களுக்கு உரியது. ஆனால் அந்தப் படத்தைப் படிப்போடு வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் வருகிற கணினிக்குள் அதைக் கொண்டுபோகாதீர்கள், ஒரு கதவைக்கூட. பெற்றவன் பகிடிக்குச் சொன்னாலும் கேட்காதீர்கள். உனக்கு, மகனே, ஒன்றுதான் சொல்ல இருக்கிறது. இனிமேல் எனக்காக எதையும் உன் தலையில் போட்டுக்கொள்ளாதே. போட்டுக்கொண்டாலும் என்னிடம் சொல்லிவிட்டுப் போட்டுக்கொள்.

நாளைக்கு வாகனம் கட்டுகஸ்தோட்டைப் பக்கமாகப் போகும். பாலத்துக்கு முன்னால், இடது கைப் பக்கம், டியூஷன் வகுப்புகளுக்கென்று ஒரு மாடிக் கட்டிடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. உங்கள் கந்தோர்ப் படம். ஓரத்தை யாரும் பார்க்காத மாதங்களில் அச்சாகிப் போனவற்றில் ஒன்று. மாடிப்படி திரும்புகிற இடங்களில் எவனோ அந்த வரிசையிலிருந்து என் ஜன்னலை எடுத்து வைத்திருக்கிறான். மேலே சாய்ந்த பலகையோடு, ஒரு சாண் சந்தோடு. அடுப்பே மூட்டாத கட்டிடத்தில் மாடிக்கு மாடி புகைக்கு வழி. போன ஞாயிறு பஸ்ஸில் போகும்போது அதைப் பார்த்தேன். அங்கே வேலை செய்கிற ஒரு பெண், சாந்து சுமக்கிற தாச்சியை இறக்கி வைத்துவிட்டு, அந்த ஜன்னலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் அளவுதான் இருப்பாள். நீ இடது பக்கத்தில் உட்கார். முழங்கையை ஊன்றியிருந்தாள், மகனே. உயரம் சரியாக இருந்தது.